முன்வரிசை உடைந்த ஆட்டம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லிங்கன் முன்னாள் மாணவன்:

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. 2012 டிசம்பர் 1, இண்டியானாபொலிஸ், பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டம். விஸ்கான்சின் 70, எங்கள் நெப்ராஸ்கா 31. எதிரணி பந்தைத் தூக்கி ஓடாமல் தடுக்க வேண்டிய எங்கள் முன்வரிசை உடைந்த அந்த ஆட்டம், இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது அந்த ஸ்கோர் அல்ல. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் பக்கவாட்டில் ஓடிவந்து, ஓட்டத்தை நிறுத்தாமலே பந்தை வாங்கிக்கொண்டு, ஓரக்கோட்டை ஒட்டி 56 யார்டு ஓடினாரே, அதுதான். என் அருகில் நின்ற முதியவர், காலங்காலமாக நெப்ராஸ்கா ஆட்டம் பார்ப்பவர், "முடிந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் கால்பகுதிகூட முடியவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது. இடைவேளையில் 42-10.

விஸ்கான்சின் அன்று தரைவழியாக, அதாவது பந்தை வீசாமல் தூக்கி ஓடியே, 539 யார்டு எடுத்தது. கார்டன் 216, மான்டி பால் 202, ஜேம்ஸ் ஒயிட் 109. கார்டன் பந்தைத் தொட்டு ஓடியது ஒன்பதே முறை. வந்திருந்தது ஏற்கெனவே ஐந்து ஆட்டங்களில் தோற்ற அணி. நாங்கள் பத்து ஆட்டம் வென்றிருந்தோம்.

மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2009இல், இதே நெப்ராஸ்கா அப்போது இருந்த பிக் 12 லீக்கின் இறுதியில் டெக்சாஸிடம் 13-12 என்று தோற்றது. அன்று எங்கள் முன்வரிசையின் டமுகொங் சூ, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை நாலரை முறை சாய்த்தார் (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). தோற்றாலும் தலை நிமிர்ந்து வெளியே வந்த ஆட்டம் அது. நடுவில் ஒரு மலை நின்றால் பின்னால் இருக்கும் பத்துப் பேரும் நல்ல ஆட்டக்காரர்களாகத் தெரிவார்கள். அந்த மலை போனபின் அதே பயிற்சியாளர், அதே திட்டம், ஆனால் இண்டியானாபொலிஸில் எங்கள் முன்வரிசை இருந்த இடத்தில் யாருமே இல்லை.

---

லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகன்:

உங்கள் வலி புரிகிறது. ஆனால் 42-10 என்றால் இடைவேளையிலேயே மனம் தயாராகிவிடும். எங்கள் காயம் வேறு வகை.

2023 ஜனவரி 2, சீசன் முடிவில் நடக்கும் காட்டன் பௌல் ஆட்டம். எங்கள் யுஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 45, டுலேன் 30. மீதி ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசு வாங்கிய எங்கள் கேலப் வில்லியம்ஸ் அன்று 462 யார்டு வீசினார், ஐந்து டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, ஆறு புள்ளி). எதிரில் இருந்தது முந்தைய ஆண்டு இரண்டே ஆட்டம் வென்ற கல்லூரி. இதற்கு மேல் ஒரு குவாட்டர்பேக் என்ன செய்ய முடியும்?

டுலேனின் டைஜே ஸ்பியர்ஸ் 17 முறை ஓடி 205 யார்டு எடுத்தார், நான்கு டச்டவுன். கடைசி நிமிடங்களில் அவர் ஒன்று போட்டதும் 45-37. அடுத்த கிக்கை எங்கள் ஆள் சரியாகப் பிடிக்கவில்லை. பந்து எங்கள் ஒரு யார்டு கோட்டில். அங்கிருந்து ஓட முயன்ற எங்கள் ரன்னிங் பேக்கை டுலேனின் முன்வரிசை எண்ட் சோனுக்குள்ளேயே, அதாவது எங்கள் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே, மடக்கிச் சாய்த்தது. அதற்குப் பெயர் சேஃப்டி, எதிரணிக்கு இரண்டு புள்ளி. பந்தும் அவர்களுக்கு. ஒன்பது விநாடி மீதியிருக்கும்போது டச்டவுன். 46-45.

என்னால் மறக்க முடியாதது அந்த சேஃப்டிதான். எங்கள் முன்வரிசை அன்று முழுவதும் செய்ய வேண்டியிருந்த ஒரே ஒரு காரியம் அது: எதிர்ப்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓடுபவனைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே சாய்ப்பது. அதைச் செய்து காட்டியது நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த சின்ன அணியின் பையன்கள்.

அடுத்த நவம்பரில் வாஷிங்டன் எங்கள் மைதானத்துக்கே வந்தது. அவர்களின் டில்லன் ஜான்சன் ஓடியது 256 யார்டு. 52-42. மறுநாள் டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டப் பயிற்சியாளரை நீக்கினார்கள். கேலப் தன் தாயின் தோளில் சாய்ந்து அழுததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டி, மனவலிமை இல்லாதவர் என்று சிலர் பேசினார்கள். 42 புள்ளி எடுத்துக்கொடுத்துத் தோற்றவர் அழாமல் வேறு யார் அழுவது?

---

நார்மன் முன்னாள் மாணவி:

லாஸ் ஏஞ்சலிஸ் நண்பரே, நீங்கள் சொல்லும் கதை எங்களுக்குப் பழையது. தலைமைப் பயிற்சியாளர் லிங்கன் ரைலி உங்களிடம் வருமுன் எங்கள் ஓக்லஹோமாவில்தான் இருந்தார்.

2018 ஜனவரி 1, ரோஸ் பௌல். ஜார்ஜியாவுக்கு எதிராக ஓக்லஹோமா 31-14 என்று முன்னிலை. எங்கள் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் ஹைஸ்மன் வாங்கிய சீசன். இரண்டாம் பாதியில் ஜார்ஜியாவின் நிக் சப் 50 யார்டு ஓடுகிறார், சோனி மிஷெல் 38 யார்டு ஓடுகிறார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் மிஷெல் குவாட்டர்பேக் இல்லாமல் நேரடியாகப் பந்தை வாங்கி 27 யார்டு ஓடி முடித்துவிட்டார். 54-48. பந்தை அவரே வாங்கினால் அவர் ஓடத்தான் போகிறார். மைதானம் முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நான் அதற்குப் பிறகு அந்த ஓட்டத்தின் படத்தைப் பார்த்ததே இல்லை.

அடுத்த சீசனில் டெக்சாஸிடம் 48-45. டிஃபென்ஸ் பயிற்சியாளர் சீசன் நடுவிலேயே போனார். ஆண்டு இறுதியில் ஆரஞ்சு பௌலில் அலபாமாவிடம் ஆட்டம் சூடு பிடிக்குமுன்பே 28-0. எங்கள் குவாட்டர்பேக் கைலர் மர்ரி எவ்வளவோ போராடியும் 45-34. 2019இல் புதிய டிஃபென்ஸ் பயிற்சியாளர். அந்த ஆண்டு பீச் பௌலில் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) 63, நாங்கள் 28. அவர்களின் குவாட்டர்பேக் ஜோ பரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் வீசினார்.

ஆகவே இது பையன்களின் குற்றம் அல்ல. இரண்டு நிமிடத்தில் டச்டவுன் போடும் ஆட்டமுறை பார்க்க அழகு. ஆனால் அப்போதுதான் வெளியே வந்து தண்ணீர் குடித்த முன்வரிசை மறுபடியும் உள்ளே ஓட வேண்டும். வாரம் முழுவதும் பயிற்சியில் தங்கள் அணியின் பரவலான ஆட்டத்தையே எதிர்கொள்பவர்கள், நேராக முட்டித் தள்ளும் ஜார்ஜியா மாதிரி அணியைச் சனிக்கிழமைதான் முதல்முறை சந்திக்கிறார்கள். இதைத் தீர்மானிப்பவர் தலைமைப் பயிற்சியாளர்.

---

கொலம்பஸ்வாசி:

நார்மன் சகோதரி சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஆள் பஞ்சமும் இல்லை, பயிற்சிக் குறையும் இல்லை. ஆனாலும் 2021 நவம்பர் 27 அன்று மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பரில் பனி விழுந்துகொண்டிருக்க, அவர்களின் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச்டவுன் ஓடினார். 42-27. மிஷிகன் தரைவழியாக எடுத்தது 297 யார்டு. எட்டு முறை தொடர்ந்து எங்களிடம் தோற்றிருந்த அணி. இரண்டாம் பாதி தொடங்கியதும் பிளேக் கோரம் 55 யார்டு ஓடினார், உடனே ஹாஸ்கின்ஸ் டச்டவுன். அவர்களுக்கு அதிகம் பந்து வீசத் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் என் கதை.

இங்கே எல்லோரும் பந்தைத் தூக்கி ஓடியவரின் பெயரை எழுதுகிறீர்கள். அங்கே பார்த்தால் எதுவும் தெரியாது. அடுத்த ஆட்டத்தில் இப்படிப் பாருங்கள்.

பந்து கை மாறிய முதல் இரண்டு விநாடி, பந்தைப் பார்க்காதீர்கள். தடுக்கும் முன்வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்களைப் பாருங்கள். எதிரணியின் இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுகிறார்கள் என்றால் நல்லது, அவர் தன் வேலையைச் செய்கிறார். அந்த இருவரில் ஒருவர் சட்டென்று அவரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் லைன்பேக்கரிடம் போய்விட்டால், அங்கேதான் ஓட்டை. லைன்பேக்கர் சாய்க்கத் தவறினார் என்று மறுநாள் எல்லோரும் எழுதுவார்கள். முந்நூறு பவுண்டு ஆள் ஒருவர் தன் மேல் விழும்போது அவர் யாரைச் சாய்ப்பார்?

அடுத்து தோள்களின் உயரம். யார் தோள் கீழே இருக்கிறதோ அவர்தான் தள்ளுவார். முன்வரிசை களைத்தவுடன் முதலில் தெரிவது இதுதான்: நிமிர்ந்து எழுவார்கள். மூன்றாம் கால்பகுதியில் கைகளை இடுப்பில் வைத்து நிற்கிறார்களா, ஒருவர் வெளியே வந்தால் அவர் இடத்துக்குச் சமமான ஆள் உள்ளே போகிறாரா என்று பாருங்கள். இங்கே எந்த அணியிடமும் நான்கு நல்ல ஆட்கள் இருப்பது போதாது. எட்டுப் பேர் வேண்டும். அவ்வளவு எடையோடு அவ்வளவு வேகமாக நகரும் பத்தொன்பது வயதுப் பையன்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாற வழிசெய்யும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தபின் முதலில் விலைபோகிறவர்களும் அவர்கள்தான்.

பிறகு சேஃப்டியைப் பாருங்கள். அந்த இரண்டு புள்ளி அல்ல, கடைசி வரிசையில் நின்று தடுக்கும் ஆட்டக்காரருக்கும் அதே பெயர்தான். முன்வரிசையால் ஓட்டத்தைத் தனியாக நிறுத்த முடியவில்லை என்றால் பயிற்சியாளர் சேஃப்டியை முன்னால் இறக்குவார். அது கடன் வாங்குவது. குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்து தலைக்கு மேல் வீசும்போது அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டும். மறுநாள் செய்தியில் "பின்வரிசை சொதப்பல்" என்று வரும். வீசுபவருக்கு நான்கு விநாடி கொடுத்தால் பந்து பிடிப்பவரைத் துரத்தும் எந்தக் கார்னர்பேக்கும் உலகத்தில் ஓடிக்கொண்டே இருக்க முடியாது. ஆட்களைக் கூடுதலாக அனுப்பி நெருக்கலாம். அனுப்பிய இடம் காலி.

கடைசியாக, மூன்றாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது. எட்டு யார்டு வேண்டும் என்றால் என்ன வரும் என்று ஊகிக்கலாம். இரண்டு யார்டு என்றால் எதுவும் வரலாம். முதல் டவுனில் முன்வரிசை ஐந்து யார்டு விட்டுக்கொடுத்தால் டிஃபென்ஸ் பயிற்சியாளர் எவ்வளவு படித்தவராக இருந்தும் பயன் இல்லை. மடை உடைந்தபின் வயலில் நின்றுகொண்டு தண்ணீரைக் கையால் தடுக்க முடியுமா?

---

சியாட்டில் நண்பன்:

கொலம்பஸ் ஐயா சொன்ன அத்தனையும் 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் கண்ணால் பார்த்தேன். தேசிய இறுதி. மிஷிகன் 34, வாஷிங்டன் 13. யுஎஸ்சியின் முன்வரிசையைப் பிளந்துகொண்டு ஓடிய அதே வாஷிங்டன்தான். அந்த ஆண்டு நாட்டிலேயே சிறந்த ஆஃபென்சிவ் லைன் என்று ஜோ மூர் விருது வாங்கியவர்கள் எங்கள் ஆட்கள். பந்து எங்களிடம் இருக்கும்போது முன்வரிசைக்குப் பஞ்சமில்லை. எதிரணியிடம் போனவுடன்தான் பிரச்சினை.

முதல் கால்பகுதியில் மிஷிகனின் டொனோவன் எட்வர்ட்ஸ் 41 யார்டு ஓடி டச்டவுன். சிறிது நேரத்தில் 46 யார்டு ஓடி இன்னொன்று. இரண்டாவதில் அவர் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் திரும்பினார். அந்தத் திருப்பத்தில் அவருக்கு முன்னால் வெறும் புல்தரை. எங்கள் பகுதியில் பாடிக்கொண்டிருந்த மாணவர்கள் பாட்டை அப்படியே நிறுத்தினார்கள். அதற்குப் பின் நாங்கள் 17-10 வரை நெருங்கினோம், நம்பினோம். ஆனால் அந்த இரண்டு ஓட்டங்களால் எங்கள் குவாட்டர்பேக் பெனிக்ஸ் எல்லாவற்றையும் துரத்திப் பிடிக்க வேண்டிய நிலை. துரத்துகிறார் என்று தெரிந்ததும் மிஷிகனின் முன்வரிசை அவர்மேல் பாய்ந்தது. மொத்தம் 303 யார்டு தரைவழியாக.

ஒரு விஷயம். கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக்கைச் சாய்த்த யார்டுகளையும் ஓட்டக் கணக்கிலிருந்தே கழிப்பார்கள். என்எஃப்எல்லில் அப்படி இல்லை. ஆகவே "சராசரியாக இவ்வளவுதான் விட்டுக்கொடுத்தோம்" என்று சீசன் நடுவில் யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். பலவீனமான அணிகளின் குவாட்டர்பேக்கை நான்கைந்து முறை சாய்த்தால் அந்த எண் அழகாகிவிடும். உண்மையான ஓட்டை டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் தெரியும்.

---

ஒரு டேக்கிளின் தாய்:

முதலில் எழுதிய தம்பிக்கு. "முன்வரிசை இருந்த இடத்தில் யாருமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆள் இருந்தார்கள்.

என் மகன் சின்னக் கல்லூரி ஒன்றில் டிஃபென்சிவ் டேக்கிள். மூன்றாம் பிரிவு, விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. கடந்த இலையுதிர் காலத்தில் ஓர் ஆட்டம். அவனுக்கு மாற்றாக இறங்க வேண்டிய பையனுக்கு முழங்காலில் அடி. ஆட்டம் முழுவதும் இவனே நின்றான். எதிரணி எழுபது முறைக்கு மேல் பந்தை இயக்கியது. நான்காம் கால்பகுதியில் ஒரு தடவை, இருவர் அவனைத் தூக்கி நான்கு யார்டு பின்னால் கொண்டுபோய் மல்லாக்கப் போட்டார்கள். ஓடியவன் அவன் கால்மேல் மிதித்துக்கொண்டு போனான். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் எழுந்து நின்று அவன் எண்ணைச் சொல்லி, "அவனை வெளியே எடு" என்று கத்தினார். அவன் எழுந்தான். மறுபடியும் அதே இடத்தில் கையை ஊன்றிக் குனிந்தான். அடுத்த முறை பந்து இயங்கியபோதும் அதே இருவர் வந்தார்கள்.

இரவு அவன் விரல்களில் சுற்றியிருந்த டேப்பை நான்தான் வெட்டி எடுத்தேன். "அம்மா, லைன்பேக்கர் பாவம், எல்லோரும் அவனைத்தான் திட்டுகிறார்கள்" என்றான்.

பலவீனமான முன்வரிசை என்று எழுதுங்கள், அது உண்மையாக இருக்கலாம். ஆள் இல்லை என்று எழுதாதீர்கள்.

---

லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகன்:

அம்மா, உங்கள் மகனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நார்மன் தோழிக்கு ஒரு பதில். 2024இல் எங்களுக்கு டிஃபென்ஸ் பயிற்சியாளர் புதியவர். பார்க்கிறவர்கள் எல்லோரும் டிஃபென்ஸ் தேறிவிட்டது என்றே சொன்னார்கள். நானும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்த செப்டம்பர் 21 அன்று ஆன் ஆர்பர் போனோம். மிஷிகன் அன்று முழுவதும் வீசி எடுத்தது 32 யார்டு. முப்பத்திரண்டு! பந்தை வீசவே தெரியாத அணிபோல ஆடினார்கள். கலெல் மல்லிங்ஸ் 159 யார்டு ஓடினார், அணியாக 290. நாங்கள் 24-20 என்று முன்னிலை. 37 விநாடி மீதி, நான்காவது டவுன், ஒரு யார்டு. மல்லிங்ஸ் உள்ளே போய்விட்டார். 27-24.

பயிற்சியாளர் மாறினார், திட்டம் மாறியது. அந்த ஒரு யார்டில் நிற்க வேண்டிய ஆட்களின் எடை ஓர் ஆண்டில் மாறுமா? நீங்கள் ரோஸ் பௌலில் பார்த்த ஓக்லஹோமா முன்வரிசையில் உண்மையாகவே ஆள் குறையா, பயிற்சிக் குறையா? நேரில் பார்த்தவர் நீங்கள், எழுதுங்கள். கொலம்பஸ் ஐயாவின் கணக்கு சரியா என்று எனக்குத் தெரிய வேண்டும்.