1945 ஜப்பானின் கரையோர டிவிஷன்கள்: வெறும் காகிதப் படையா?

நெய்தல்: இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஒகினாவா தீவு அமெரிக்காவிடம் விழுந்ததும் தாய்நாட்டைக் காக்க ஜப்பான் பெரும்படை வைத்திருந்தது என்று அளக்கிறார்கள். 1945 பிப்ரவரி, ஏப்ரல், மே என மூன்று தவணையில் அவசரமாகத் திரட்டிய டிவிஷன்கள், அதாவது ஆயிரக்கணக்கானோர் கொண்ட படைப்பிரிவுகள்தானே அவை? எண் இருந்தது, ஆள் இருந்தது, ஆயுதம் இல்லை. ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவே 1946-ல் தன் உதவியாளர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார்: எதிரி போட்ட குண்டின் இரும்பை எடுத்து மண்வெட்டி செய்துகொண்டிருந்தார்களாம். குஜுகுரி கடற்கரை அரண் வேலையும் சொன்ன நாளில் முடியவில்லை.

கோட்டைச்சுவர்: நண்பரே, குஜுகுரி இருப்பது டோக்கியோவுக்குக் கிழக்கே. அமெரிக்கா முதலில் இறங்கத் திட்டமிட்டது தெற்கே கியூஷு தீவில், நவம்பர் 1 அன்று. அங்கே கதையே வேறு. மியாசாகி கரையில் 154, 156, 212 டிவிஷன்கள். அரியாகே விரிகுடாவில் 86. சத்சுமா பக்கம் 146. அமெரிக்கர்கள் குறித்து வைத்திருந்த கரைகளும் இவைதான்! வரைபடத்தைப் பார்த்தே ஜப்பானியத் தளபதிகள் ஊகித்துவிட்டார்கள். கரைப்படைக்குப் பின்னால் நின்ற 25-வது டிவிஷன் மஞ்சூரியாவிலிருந்து வந்த பழைய படை. அதையும் காகிதம் என்பீர்களா?

நெய்தல்: சரி, குஜுகுரி உதாரணம் இடம் மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். 25-ஐயும் விட்டுவிடுவோம். நான் கேட்பது கரையில் நின்றவர்களைப் பற்றி. லாரியும் குதிரையும் குறைவு. ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்திய படையைச் சுற்றி வளைத்தால் முடிந்தது.

மல்லிகா: இடையில் வருகிறேன். ஆணியடித்தது வசதிக் குறைவால் மட்டும் இல்லை, உத்தரவே அப்படித்தான். 1945 ஏப்ரலில் வந்த உள்நாட்டுப் போர் விதிகளில், சண்டை நடக்கும்போது காயம்பட்டவர்களைப் பின்னால் அனுப்பக் கூடாது என்றே இருக்கிறது. பின்வாங்கவும் கூடாது. கரைப்படை செத்துக்கொண்டே எதிரியை மணலில் பிடித்து வைக்கும், நடமாடும் படை வந்து அடிக்கும். இதுதான் கணக்கு. ஜூனில் 15 முதல் 60 வயது ஆண்களையும் 17 முதல் 40 வயதுப் பெண்களையும் தொண்டர் படைக்குள் இழுக்கச் சட்டம் வேறு. நீங்கள் இருவரும் சதுரங்கக் காய் மாதிரி பேசுகிறீர்கள்!

கோட்டைச்சுவர்: மல்லிகா சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். செத்தே தீருவது என்று நிற்கும் படையைச் சுற்றி வளைத்தும் பயனில்லை, ஒகினாவாவில் பார்த்தோமே. ஜப்பானியச் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்த அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் மார்ஷலுக்கும் கியூஷுவில் குவியும் படை உறுத்தியது. ஆகஸ்ட் 7-ல், வேறு இடத்தில் இறங்கலாமா என்று பசிபிக் களத்தின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரிடம் கேட்டார்.

நெய்தல்: மெக்ஆர்தரின் பதிலை ஏன் விட்டீர்கள்? அந்தத் தகவலில் தனக்கு நம்பிக்கையில்லை, திட்டத்தை மாற்ற வேண்டாம் என்றார். களத்தளபதியே பயப்படவில்லை.

கோட்டைச்சுவர்: அண்ணே, அதே மெக்ஆர்தரின் உளவுத்துறைதான் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் 1,72,000 ஜப்பானியர் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. உண்மையில் இருந்தது இரண்டரை லட்சத்துக்கு மேல். அவருக்குப் பயமில்லை என்பதை வைத்து 154-வது டிவிஷனை எடை போடாதீர்கள்.

மல்லிகா: அந்த மண்வெட்டி விஷயத்துக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.