தையல் மெசின் காலில் குசினி மேசை: உங்கள் வீட்டில் எது, எதுவாய் மாறியது?

உப்புவெளிக்காரன்:
மிதி மெசின் எல்லோருக்கும் தெரியும்தானே, வார்ப்பிரும்புக் கால், நடுவில் சிங்கர் என்ற எழுத்து. அம்மாவின் மெசின் தலை இறுகி, மேற்பலகையைக் கறையான் தின்று, கோடிப்புறத்தில் கிடந்தது. பழைய இரும்பு எடுக்க வந்தவர் கிலோக் கணக்கில் விலை பேசினார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டு, தச்சரைக் கூப்பிட்டேன். வீடு திருத்தியபோது கழட்டிய முதிரைக் கதவு ஒன்று கிடந்தது. அதை அளவுக்கு அறுத்து மேலே பூட்டினார். இப்போது மரக்கறி வெட்டுவது, மா குழைப்பது எல்லாம் அதில்தான்.

சொல்ல வந்தது மேசையைப் பற்றி இல்லை. தச்சர் மிதியையும் சில்லையும் கழட்டப் போனார். "இது இனி எதுக்கு அக்கா, காலில தடக்கும்" என்றார். "கிடக்கட்டும் தம்பி" என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து அம்மா கதிரையில் இருந்து முருங்கைக்காய் சீவுகிறார், மேசைக்குக் கீழே கடக் கடக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் கால் மிதிக்கிறது, சில்லு சுற்றுகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. கத்தி நின்றால் காலும் நிற்கிறது. எங்கள் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அந்தக் காலால் தைத்தவைதான். அந்தச் சத்தம் கேட்டால் நான் இப்போது குசினிக்குள் போவதில்லை.

பாலையூற்றான்:
சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அந்தக் காலைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அதன் மேல் வெங்காயம் வெட்டுகிறீர்கள்! சரி, செய்தாயிற்று. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, அக்காவின் கல்யாணத்தோடு மன்னாருக்குப் போய்விட்டது.

அது கிடக்கட்டும், கதவில் பழைய பெயின்ற் இருந்ததா? இருந்தால் ஈயம் இருக்கக்கூடும். காயவிட்டுத் தேய்த்தால் தூசி பறக்கும், தண்ணீர் தடவித் தேய்க்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் படுகிற பலகை என்றால் சீவுளி போட்டுப் பச்சை மரம் தெரியும்வரை எடுப்பதே நல்லது. கால் ஆடினால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். வார்ப்பிரும்பு சூட்டில் வெடிக்கும், நட்டும் போல்ட்டும் போதும். நம் ஊர் உப்புக்காற்றுக்குக் கறள் கேட்காமலே வரும். கம்பிப் பிரஷால் உரஞ்சி, கறள் தடுக்கும் ரெட் ஒக்சைட் அடிப்பூச்சு ஒரு கை, அது காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கை. சில்லின் அச்சில் மட்டும் பெயின்ற் படக்கூடாது, மெசின் எண்ணெய் விடுங்கள். உயரமும் பாருங்கள். இருந்து வெட்ட அது சரி, நின்று வெட்டினால் நாரி போய்விடும்.

கிண்ணியாப் பிள்ளை:
அவர் அம்மாவின் காலைப் பற்றி எழுதுகிறார், நீங்கள் நாரியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

எங்கள் வீட்டில் அலுமாரி. வாப்பா காலத்து இரட்டைக் கதவு, ஒரு கதவில் ஆள் உயரக் கண்ணாடி. ராத்தா புதுசு வாங்கியதும் இதைத் தூக்கிக் குசினி மூலையில் வைத்தோம். கண்ணாடி இல்லாத கதவைக் கழட்டிவிட்டு அந்தப் பக்கம் தட்டு அடித்தோம். அடித்தட்டில் கேஸ் சிலிண்டர், மேலே சட்டி பானை. கண்ணாடிக் கதவை எடுக்க உம்மா விடவில்லை. அது அடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. ஒரு நாள் உம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிக்கொண்டு நிற்கிறா, பின்னால் பூனை மீன் சட்டியில் வாய் வைக்கிறது. கண்ணாடியில் கண்டவ திரும்பவே இல்லை, அகப்பையைத் தோளுக்கு மேலால் எறிந்தா பாருங்கள், குறி தப்பவில்லை. பூனை இன்றுவரை அந்த அலுமாரியைக் கண்டால் சுற்றிப் போகும்.

உவர்மலை பழசு:
சிலிண்டரை அலுமாரிக்குள் வைக்கவே கூடாது! பூனைக் கதையில் எல்லோரும் சிரித்துவிட்டு இதை விட்டுவிட்டீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கி மூலையில் தேங்கும். கதவை மூடி வைத்தால் பெட்டிக்குள் நிரம்பி நிற்கும், ஒரு பொறி போதும். வைத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டியின் அடியில், நிலத்தோடு ஒட்டித் துவாரம் வேண்டும். மேலே மட்டும் துவாரம் வெட்டினால் போதாது. டியூப்பை மடிக்காதீர்கள், ஆணி முனை உரசாமல் பாருங்கள். மூட்டில் சவர்க்கார நுரை தடவினால் கசிவு குமிழியில் தெரியும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். 12.5 கிலோச் சிலிண்டர் என்றால் அடித்தட்டுக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும், பழைய அலுமாரியின் அடிப்பலகை மெல்லியது. என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய கட்டில் சட்டத்தில் விறகுத் தட்டு செய்தேன், 2022இல் கேஸ் இல்லாத நேரம் உதவியது.

நிலாவெளி மருமகள்:
மாமியார் வீட்டுக்கு முதல் முதல் போன நாள். வெயில், தொண்டை வறண்டு போச்சு. குளிர்தண்ணீர் எடுப்போம் என்று பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே சம்பா அரிசி, பருப்பு, அப்பளம், கருவாடு! பழுதான பிரிட்ஜ், எலி ஏறாது என்று அரிசி அலுமாரி ஆக்கியிருக்கிறார்கள். நான் கையில் வெறும் கிளாஸோடு நிற்க, வீட்டில் யாருக்கும் ஏன் என்றே விளங்கவில்லை. கருவாட்டை மட்டும் நான் வெளியேற்றிவிட்டேன். வயரையும் வெட்டி, பிள்ளைகள் உள்ளே ஒளித்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கதவு இறப்பரையும் பூட்டையும் எடுத்தோம். எறும்பு வருகிறது, அதற்கு என்ன செய்யலாம்?

கிண்ணியாப் பிள்ளை:
@உவர்மலை பழசு, சிலிண்டர் இருக்கும் பக்கத்துக் கதவைக் கழட்டிவிட்டோம் என்று எழுதியிருக்கிறேனே. முழுதாய் வாசித்தீர்களா?

உவர்மலை பழசு:
வாசித்தேன். அடிப்பலகைக்குக் கட்டை கொடுத்தீர்களா?