புதுப்பிப்பு: இரண்டாவது கியர் இப்போது நழுவவில்லை

மேட்டில் என் பைக்கின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்குப் போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பழைய நான்கு கியர் பெட்டி. கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் செலக்டர் ஸ்பிரிங்தான் காரணம் என்று பலர் சொன்னீர்கள். நானும் நம்பி முதலில் அதைத்தான் மாற்றினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, பிரித்தே பார்த்துவிடலாம் என்று இறக்கினேன். கியரின் பக்கவாட்டில், அடுத்த கியரோடு கோர்த்துக்கொள்ளும் டாக் பற்களின் விளிம்பில் நகத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அங்கே கூரான முனை இருக்க வேண்டும். அது மழுங்கிவிட்டால், இழுவை கூடக் கூட இரண்டு கியர்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கித் தாங்கி, கியரை நகர்த்தும் கவை போன்ற செலக்டர் ஃபோர்க்கும் ஒரு பக்கம் நீலம் பாரித்துத் தேய்ந்திருந்தது. ஒரு கியரை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தின்றுவிடும். அதனால் ஜோடியாகவே மாற்றினேன், ஃபோர்க்கையும் சேர்த்து.

பேரிங்கைச் சுத்தியலால் தட்டவில்லை. பேரிங் எஃகு, அதைப் பிடித்திருக்கும் கேஸ் அலுமினியம்; சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். கேஸை 100 டிகிரிக்குச் சூடாக்கிக் கவிழ்த்தேன், பேரிங் பொத்தென்று விழுந்தது. (ஓவன் சமையலறையுடையது. இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.)

அப்புறம் ஒரு அசட்டுத்தனம். மூடியை மாட்டி நட்டை இறுக்கியதும் ஷாஃப்ட் கையால் சுற்ற வரவில்லை. உள்ளே போடும் உலோக வளையமான புதிய புஷ்ஷின் விளிம்பு பழையதைவிடத் தடிமன். நான் பழைய வாஷரையே போட்டிருந்தேன். மறுபடி பிரித்து, மெல்லிய வாஷர் போட்டு மூடினேன்.

நான்கு நாள் ஓட்டியாகிவிட்டது. அதே மேடு, அதே முறுக்கு, இரண்டாவது அசையவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் லேசாக ஒரு ‘கடக்’. ஆயிலை வடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.