செராமிக் கோட்டிங் போட்டு 8 மாதம்தான் ஆகிறது, தண்ணீர் உருண்டு ஓடவில்லை. கோட்டிங் போய்விட்டதா?

கருநீலம்:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி கருநீல செடான், வாங்கிய கையோடு செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும், தண்ணீர் ஒட்டாத மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) போட்டேன், 8 மாதம் ஆகிறது. போட்ட புதிதில் மழை பெய்தால் பானெட் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், வண்டி கிளம்பினால் எல்லாம் வழுக்கி ஓடிவிடும். இப்போது அதே பானெட்டில் தண்ணீர் தட்டையாகப் படர்ந்து நிற்கிறது, கதவுகளின் கீழ்ப்பாதியில் ஒரு சொட்டு கூட உருளவில்லை. பானெட்டிலும் கூரையிலும் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை வேறு, ஷாம்பூ போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

போட்டுக் கொடுத்தவர் "9ஹெச் கடினம், 5 வருடம் தாங்கும், கீறலே விழாது, சும்மா தண்ணீர் அடித்தால் போதும்" என்றார். இப்போது போய்க் காட்டினால் முழு வண்டியையும் பாலிஷ் செய்து மறுபடி போடணும் என்கிறார். நான் செய்தது இவ்வளவுதான்: வாரம் ஒரு தடவை குழாயில் தண்ணீர் அடித்து வெயிலிலேயே காய விடுவேன் (எங்களுக்கு வருவது உப்புத் தண்ணீர்), தினமும் காலையில் தூசியைத் துணியால் துடைப்பேன். சில தடவை பாத்திரம் கழுவும் திரவம் போட்டும் கழுவியிருக்கிறேன். உண்மையிலேயே கோட்டிங் போய்விட்டதா?

பாலிஷ்மேடை:
நண்பரே, பாலிஷுக்கு மட்டும் இப்போது சம்மதிக்காதீர்கள். நான் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். தண்ணீர் உருளவில்லை என்று வரும் வண்டிகளில் நிறையவற்றில் கோட்டிங் அப்படியே இருக்கும், மேலே அழுக்குப் படலம் மூடியிருக்கும், அவ்வளவுதான். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், சாலைத் தார், எண்ணெய்ப் புகை, உப்புத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன கால்சியம் எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய தோல் மாதிரி உட்கார்ந்துவிடும். தண்ணீர் படுவது அந்தத் தோல் மேல், கோட்டிங் மேல் அல்ல. கதவின் கீழ்ப்பாதி முதலில் செத்த மாதிரி தெரிவதும் இதனால்தான், சக்கரம் வாரி அடிப்பது முழுக்க அங்கேதானே விழுகிறது.

பாலிஷ் என்றால் தேய்த்து எடுப்பது. கோட்டிங்கின் தடிமனே 1, 2 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாலிஷ் பட்டால் அது போய்விடும், அதோடு அடியில் இருக்கும் கிளியர் கோட்டிலும் (பெயின்ட் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற படலம்) கொஞ்சம் போகும். கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. அது ஒரு முறை போனால் திரும்ப வராது, அதனால் பாலிஷ் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு கதவில் சோதித்துப் பாருங்கள். நிழலில் நிறுத்தி, தகடு கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாகத் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குங்கள். தார்ப் புள்ளி இருந்தால் தார் ரிமூவர் போட்டு எடுங்கள். அப்புறம் அயர்ன் ரிமூவர் தெளித்து 3, 4 நிமிடம் விடுங்கள், இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அதைக் காய விடவே கூடாது, காயும் முன்பே அலசி, பிஹெச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். பிறகு அந்தக் கதவிலும் பக்கத்துக் கதவிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுத்தம் செய்த கதவில் மட்டும் உருண்டால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், மீதி வண்டிக்கும் இதையே செய்தால் போதும்.

வெள்ளைக் கறை வேறு கணக்கு. அது கால்சியம், மெக்னீசியம் உப்பு, ஷாம்பூவுக்கு அசையாது, அமிலம்தான் கரைக்கும். வாட்டர் ஸ்பாட் ரிமூவர் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வெள்ளை வினிகரைச் சரிபாதி காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒத்தி வைத்து உடனே அலசுங்கள். இதற்கும் போகாமல் வட்டமாகக் குழி தெரிந்தால் உப்பு உள்ளே அரித்துவிட்டது. அந்தத் தகட்டுக்கு மட்டும் பாலிஷ் செய்து அங்கே மட்டும் மறுபடி கோட்டிங் போடலாம், முழு வண்டிக்கும் வேண்டியதில்லை.

நாலுசக்கரம்:
மேலே அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. தினமும் காலையில் காய்ந்த தூசியைத் துணியால் துடைக்கிறேன் என்றீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள், உங்கள் வண்டிக்கு நடக்கும் பெரிய கெடுதல் அதுதான். 9ஹெச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. அந்தப் பென்சிலால் கீறல் விழாது என்று மட்டும்தான் அது சொல்கிறது, மணல் கீறாது என்று சொல்லவில்லை. தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கும், துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். கருநீலம் மாதிரி அடர்ந்த நிறத்தில் வெயில் படும்போது சிலந்தி வலை போலக் கோடு தெரிகிறதா பாருங்கள், அது இப்படி வந்ததுதான். தூசி இருந்தால் இருக்கட்டும், கழுவும் அன்று போகும்.

கல் அடிப்பது, சாவிக் கீறல் இதற்கெல்லாம் எந்தக் கோட்டிங்கும் தடுப்பு ஆகாது. அதற்கு பிபிஎஃப், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்தான், 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருப்பதால் அடியை அது வாங்கிக்கொள்ளும். முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் ஃபிலிம் ஒட்டி மீதிக்குக் கோட்டிங் போடுவதுதான் என் கணக்கில் சரியான செலவு.

மழைமுத்து:
கவர் போட்டு மூடி வைக்கலாமே, தூசியே வராதே என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் கழுவாமல், தூசியோடு கவரை மாட்டிவிட்டு மூன்று நாள் வெளியூர் போய்விட்டேன், காற்றில் கவர் ஆடி ஆடி கூரை ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தது. சுத்தமான வண்டிக்குத்தான் கவர். பறவை எச்சமும் அப்படித்தான், கோட்டிங் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதில் அமிலம் இருக்கிறது, வெயிலில் சூடான தகட்டில் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். பார்த்த உடனே ஈரத் துணியை மேலே போட்டு ஊற விட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். நான் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் வைத்திருப்பேன்.

கருநீலம்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். பின் கதவில் அயர்ன் ரிமூவர் அடித்ததும் ஊதா ஊதாவாக வழிந்தது, இவ்வளவு இரும்பு ஒட்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. கழுவி முடித்துத் தண்ணீர் ஊற்றினால் பழையபடி முத்து முத்தாக உருள்கிறது! பக்கத்துக் கதவில் அப்படியே தட்டையாக நிற்கிறது. பானெட் கறை வினிகரில் முக்கால்வாசி போனது, கூரையில் நாலைந்து வட்டம் மட்டும் நிற்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இனி எப்படிக் கழுவுவது, அதையும் சொல்லிவிடுங்கள்.

பாலிஷ்மேடை:
ரொம்ப சந்தோஷம். கூரை வட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு தடவை வினிகர் முயன்று பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் ஒரு தகடு முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதி கடைசி. மெழுகு கலந்த ஷாம்பூ வேண்டாம், அது கோட்டிங் மேல் உட்கார்ந்து அதன் குணத்தை மறைக்கும். பாத்திரத் திரவம் இரண்டொரு தடவை பட்டதால் கோட்டிங் போய்விடாது, ஆனால் கார் ஷாம்பூ அளவுக்கு அதில் வழுக்கல் இருக்காது. உங்களுடையது உப்புத் தண்ணீர் என்பதால் எதை விட்டாலும் துடைத்துக் காய வைப்பதை விடாதீர்கள், பெரிய டவலை விரித்து இழுத்தாலே தண்ணீரை உறிஞ்சிவிடும். துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கி போட்டால் உறிஞ்சாது, தரையில் விழுந்த துணி பெயின்ட் பக்கமே வரக்கூடாது.

3 மாதத்துக்கு ஒரு தடவை சிலிக்கா ஸ்ப்ரே ஒன்று அடித்துத் துடைத்துவிட்டால் அழுக்கு முதலில் அதில்தான் உட்காரும். அயர்ன் ரிமூவர் 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். கூரைக்கு மறுபடி கோட்டிங் போட நேர்ந்தால் 24 மணி நேரம் தண்ணீர் படாமலும் ஒரு வாரம் ஷாம்பூ படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அது இறுகுவதற்கான நேரம். அடுத்த ஞாயிறு கூரை என்ன ஆனது என்று எழுதுங்கள்.