‘மக்கப்’ அடிப்பவர் மக்கா?

கார்முகில்: புரியாமல் மனப்பாடம் செய்வதை ‘மக்கப் அடிக்கிறது’ என்கிறோம். ‘மக்கு’தான் இதற்கு வேர் என்பது என் கருத்து. பாடம் மண்டையில் ஏறாதவன்தானே வரிவரியாக ஒப்பிப்பான்? அந்த இகழ்ச்சி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய வாத்தியார்: இல்லை நண்பரே. இது ஆங்கிலத்தின் ‘மக் அப்’. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மாணவர்களின் பேச்சு வழக்கு. தேர்வுக்கு முன் விழுந்து விழுந்து படிப்பதுதான் அதன் பொருள். புரியாமல் படிப்பது என்ற ஏளனம் அங்கே கட்டாயமில்லை. ‘மக்கு’ என்றால் கடைசியில் ‘அப்’ எப்படி ஒட்டியது? இந்தி பேசும் மாணவர்களும் ‘மக் அப்’ என்கிறார்கள். அவர்களுக்கு நம் மக்கைத் தெரியாதே!

கார்முகில்: சரி, வேர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்க் காதில் அது மக்கு என்றுதான் விழுகிறது, சொல்பவரும் வசவாகத்தான் சொல்கிறார். பிறந்த இடத்தை விட புழங்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

தேர்வுக்காலம்: அந்த வசவை வாங்கியவள் நான். ‘நெட்டுரு’, ‘உருப்போடுவது’ எல்லாவற்றையும் இப்போது அதே ஏளனத்தோடுதான் சொல்கிறார்கள். மந்திரத்தை 108 உரு ஜெபிப்பது என்கிறோமே, அந்த உருதான் இது. ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்று பழமொழியே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வதை இழிவாக நினைத்தவர்கள் இப்படிச் சொல்லியிருப்பார்களா?

பழைய வாத்தியார்: அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. நன்னூல் மாணவனுக்குச் சொல்லும் வரிசையைப் பாருங்கள்: ‘பாடம் போற்றல் கேட்டவை நினைத்தல்’. மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்வது, அப்புறம் அதை அசைபோடுவது. வினாதலும் அதே பட்டியலில் வருகிறது. ஒவ்வொரு படியையும் கையால் எழுத வேண்டிய ஓலைச்சுவடிக் காலத்தில், நெஞ்சில் இல்லாத பாடம் கையிலும் இல்லை.

கார்முகில்: ஐயா, நான் சொல்வதும் அதுதான்! இன்று பாடம் போற்றலோடு கடையை மூடிவிடுகிறோம். நினைத்தலும் வினாதலும் எங்கே? அதைக் கண்டிக்க ஒரு சொல் வேண்டும், ‘மக்கப்’ அதற்குப் பொருத்தம்.

தேர்வுக்காலம்: கண்டிப்பதென்றால் கேள்வித்தாளைக் கண்டியுங்கள், படிப்பவரை ஏன்? தனிம அட்டவணையின் முதல் 20 தனிமங்களை உருப்போட்ட பிறகுதான், ஹீலியமும் நியானும் ஏன் ஒரே வரிசையில் கீழ்க்கீழாக நிற்கின்றன என்ற கேள்வியே எனக்கு எழுந்தது. அந்த உழைப்பை மக்கப் என்று சொல்ல மாட்டேன்.