மணாலி - லே சைக்கிள் பயணம்: கணவாயில் பனி பிடித்துக்கொண்டால்?

கோவை_மிதிவண்டி:
ஆகஸ்ட் கடைசியில் நானும் நண்பரும் இமாச்சலத்து மணாலியிலிருந்து லடாக்கின் லேக்குச் சைக்கிளில் கிளம்புகிறோம். துணைக்கு வண்டி கிடையாது, கூடாரம், சாமான் எல்லாம் சைக்கிளில்தான். கோத்தகிரி, கல்லட்டி எல்லாம் ஏறியாச்சு, அதனால் ஏற்றத்துக்குப் பயமில்லை, வானிலைதான் பிடிபடவில்லை. போனில் வழியில் உள்ள கேலாங்குக்கு ஒன்று காட்டுகிறது, லேக்கு வேறொன்று. நடுவில் இருக்கும் பாராலாச்சா, லாச்சுலுங், தங்லாங் கணவாய்களுக்கு எதை நம்புவது? ஏறும்போது பனி கொட்டினால் தொடரலாமா?

சக்கரம்77:
போனை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாய் வரைதான் பருவமழை கொட்டும், தாண்டினால் மழை மறைவுப் பகுதி, ஆனாலும் ஆகஸ்டில் மேகம் மலையைத் தாண்டி வரத்தான் செய்யும், அது பெரும்பாலும் மதியத்துக்கு மேல். அதைவிட முக்கியம் நாலா, அதாவது பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் ஓடை. விடிகாலையில் கணுக்கால் நனையும், வெயில் ஏறிப் பனி உருகியபின் அதே இடத்தில் முழங்கால் வரை வரும், அடியில் கல் எங்கே உருளுகிறது என்றே தெரியாது. பாராலாச்சாவுக்கு முன்னால் வரும் ஜிங்ஜிங்பாரில் தூங்கி வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிடலாம்.

நனைந்த_கையுறை:
ஏறும்போது பனி விழுந்தால் பெரிய ஆபத்தில்லை, உடம்பு சூடாக இருக்கும். இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்த்த சட்டையோடு உச்சியில் படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டு அப்படியே இறங்கினால் சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும், பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் ஜிரோ (Giro d'Italia) சைக்கிள் பந்தயம் காவியா கணவாயில் பனிப்புயலில் மாட்டியது, 2,600 மீட்டர்தான், உலகத்தரப் போட்டியாளர்களே இறக்கத்தில் நடுங்கி நின்றார்கள். கதகதப்பான உடைகளைத் தயாராக வைத்திருந்த அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முன்னிலை வீரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தார், பந்தயத்தையும் வென்றார். ஆகவே காய்ந்த பனியன் ஒன்று, கையுறை இரண்டு ஜோடி, பிளாஸ்டிக் பையில் கட்டி மேலாக வையுங்கள், அடியில் அல்ல. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மேலே மாட்டிக்கொண்டால் காற்று நுழையாது, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

லடாக்_பைத்தியம்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் "ஏற்றத்துக்குப் பயமில்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊட்டி 2,240 மீட்டர், தங்லாங் 5,300க்கு மேல். கணவாய்களுக்கு நடுவே தங்கும் சர்ச்சுவும் பாங்கும் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் இடங்கள், அங்கே பனியும் உயரத்தால் வரும் தலைவலியும் சேர்ந்து வந்தால் திரும்பினாலும் இன்னொரு கணவாய் ஏறித்தான் இறங்க வேண்டும். கேலாங்கைத் தாண்டி வரும் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கி உயரத்துக்குப் பழகிவிட்டுப் போங்கள். வாந்தி வந்தாலோ நடை தள்ளாடினாலோ லாரியை மறித்துச் சைக்கிளையும் ஏற்றிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

கோவை_மிதிவண்டி:
நன்றி அண்ணா. அந்த நேரத்தில் வழியில் டாபா (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) இருக்குமா?

லடாக்_பைத்தியம்:
பரத்பூர், சர்ச்சு, பாங் மூன்றிலும் கூடார டாபா இருக்கும், பருப்பு சாதம், மேகி, கனமான ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) கிடைக்கும், புயல் வந்தால் அங்கேயே ஒரு நாள் படுத்துக்கொள்ளலாம். கையில் ரொக்கம் வையுங்கள். அப்புறம், நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.