மறு: லீட் காம்பவுண்டு – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நொச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மருந்தாளுநர் டிப்ளமா மாணவர்களுக்கு ஒரு துணைப்பாடம் தமிழாக்குகிறேன். சிமெடிடின் என்ற வயிற்றுப்புண் மருந்து உருவான கதை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே சொல்லில் நிற்கிறது: லீட் காம்பவுண்டு (lead compound). புது மருந்து தேடும்போது, மாற்றி மாற்றி மேம்படுத்துவதற்குத் தொடக்கமாகக் கிடைக்கும் சேர்மம். ஆங்கிலத்தில் ஈயத்துக்கும் அதே எழுத்து என்பதால், கணினியிடம் கொடுத்தால் "ஈயச் சேர்மம்" என்கிறது. வயிற்றுப்புண்காரருக்கு ஈயம் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

இடம் இதுதான். 1964-இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் மருந்தியலர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு வேலையைத் தொடங்குகிறது. உடலிலேயே உள்ள ஹிஸ்டமின் என்ற பொருள் வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கிறது, அதைத் தடுக்க ஒரு பொருள் வேண்டும். ஹிஸ்டமினையே அங்கே இங்கே மாற்றி, நான்கு ஆண்டில் ஏறத்தாழ 200 சேர்மங்கள் செய்கிறார்கள். ஒன்றும் தேறவில்லை. பிறகு, ஆரம்பத்திலேயே பார்த்து ஒதுக்கிய குவானைல்ஹிஸ்டமினை மறுபடி சோதித்தால், அது லேசாகத் தடுக்கிறது. "இதுவே அவர்களுக்குக் கிடைத்த லீட்." அந்தக் கடைசிச் சொல்தான் வேண்டும்.

பெருங்கிள்ளி எழுதியது:

முன்னோடிச் சேர்மம். இதற்கு ஏன் ஒரு இழை?

தும்பி எழுதியது:

> முன்னோடிச் சேர்மம்

அது வேறொன்றுக்குப் பட்டா ஆகிவிட்டது ஐயா. ஒரு பொருள் வினைப்பட்டு இன்னொன்றாக மாறினால், முந்தையதை முன்னோடி என்கிறோம். ஹிஸ்டிடின் உடலில் ஹிஸ்டமினாக மாறுகிறது. ஆக ஹிஸ்டிடின் முன்னோடி. நொச்சியின் பாடத்தில் இதுவும் வரும், பாருங்கள். குவானைல்ஹிஸ்டமின் எதுவாகவும் மாறவில்லை. அதைப் பார்த்து வேதியியலர் வேறொன்றைச் செய்தார், அவ்வளவே.

பெருங்கிள்ளி எழுதியது:

சரி, தலைமைச் சேர்மம். தலைப்படுதல், தலைக்கூடுதல் எல்லாம் நம்மிடம் இருக்கிறதே.

தும்பி எழுதியது:

தலைமை என்றால் "இருப்பதிலேயே வலுத்தது" என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். இங்கே நடந்தது நேர் எதிர். லீட் நோஞ்சான். அதிலிருந்து புரிமமைடு வந்தது. வாய்வழி கொடுத்தால் போதுமான அளவு உறிஞ்சப்படவில்லை. அடுத்து மெட்டியமைடு, புண் ஆறியது, ஆனால் நோயாளிகள் சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. அதன் மூலக்கூறில் இருந்த தயோயூரியா என்ற பகுதிமேல் சந்தேகம் விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு சயனோகுவானிடினை வைத்தார்கள். அதுதான் சிமெடிடின், 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஆரம்பித்து வைத்த குவானைல்ஹிஸ்டமின் பாதியிலேயே கழன்றுகொண்டது. அதற்குப் போய்த் தலைமைப் பதவியா?

குறுமுனி எழுதியது:

யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் நான் சொல்கிறேன்: துப்பு. துப்புச் சேர்மம்.

போலீஸ்காரருக்குத் துப்பு கிடைக்கிறது. துப்பே குற்றவாளி ஆகாது, ஆளைத் தேடிப் போக வழி தரும். லீட்டும் அதேதான். துப்பு பழைய சொல்லும்கூட. வள்ளுவர் மழையைப் பாடும்போது துப்பு என்றால் உணவு. சங்கப் பாட்டில் வலிமை. இன்றும் "துப்பில்லாதவன்" என்று திட்டுகிறோமே, அதில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வலிமைதான். பவளத்துக்கும் துப்பு என்று பெயர். தூய்மைக்கும் உண்டு. ஒரு வேரிலிருந்து உணவு, வலிமை, தூய்மை! மருந்துக்கு வேறென்ன வேண்டும்? துப்பாக்கியும் இதே வேராக இருக்கலாம், குண்டைத் துப்புவதால்.

பெருங்கிள்ளி எழுதியது:

துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. அதைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். போன ஆண்டு "பீரங்கி" இழை இரண்டு மாதம் ஓடியது.

பனையோலை எழுதியது:

நான் இடையிலை புகுந்து கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. அதென்ன "சேர்மம்"? நாங்கள் பள்ளிக்கூடத்திலை "சேர்வை" எண்டுதான் படிச்சனாங்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழிலை வைத்தியம் படிப்பிச்சவர். இரசாயனத்துக்கு அந்த மனுசன் "கெமிஸ்தம்" எண்டு பேர் வைச்சவர்! அது நிலைக்கேல்லை. ஆனால் பிள்ளையள் படிச்சு வைத்தியராய் வந்தவை. சொல் நிக்கிறதும் போறதும் பிறகு.

பெருங்கிள்ளி எழுதியது:

சேர்வை என்றால் சிவகங்கைப் பக்கம் ஆள் பெயர் அண்ணே. "துப்புச் சேர்வை" என்று அச்சடித்தால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

கரும்பலகை எழுதியது:

இன்று முதலாண்டு வகுப்பில் மூன்றையும் எழுதிப் போட்டேன். முன்னோடிக்குத் தலையாட்டினார்கள், தலைமைக்கும் ஆட்டினார்கள். துப்புக்குக் கடைசி பெஞ்சு தரையில் உருண்டது. ஒரு பையன் எழுந்து, "எச்சில்ல கண்டுபுடிச்ச மருந்தா சார்?" என்றான். பிறகு ஒரு பெண், "லீட்டுன்னே சொல்லுங்க சார், பரீட்சையில அப்படித்தான கேப்பாங்க" என்றாள். நான் லீட் சேர்மம் என்று எழுதிவிட்டு நடத்தினேன். புரிந்தது.

குறுமுனி எழுதியது:

> புரிந்தது

எது புரிந்தது? லீட் என்ற ஒலியா, பொருளா? அந்தப் பையனிடம் லீட் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் பென்சில் முனை என்றிருப்பான். சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

தும்பி எழுதியது:

நான் முன்பு சொன்னதோடு இன்னொன்று. லீட் எப்போதும் கழன்றுகொள்ளும் என்றும் சொல்ல முடியாது. சீன விஞ்ஞானி தூ யூயூ கண்டெடுத்த ஆர்ட்டெமிசினினை எடுங்கள். மலேரியாவுக்கு அதுவே மருந்து. அதிலிருந்தே ஆர்ட்டிமெத்தரும் ஆர்ட்டெசுனேட்டும் வந்தன. மருந்தாக நின்றதற்கும் விலகிப்போனதற்கும் சேர்த்துப் பொருந்துகிற சொல் வேண்டும். துப்பு இரண்டாவதுக்குப் பொருந்தும், முதலாவதுக்கு இடிக்கிறது.

நொச்சி எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தனி மடலில் ஒருவர் "வழிகாட்டிச் சேர்மம்" என்றார். கரும்பலகை, தும்பி, பனையோலை மூவரும் "பரவாயில்லை" என்றார்கள். பரவாயில்லை என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. அதையே போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் "லீட் என்று வழங்குவது" என ஒரு வரி சேர்த்துவிட்டேன். நன்றி.

பெருங்கிள்ளி எழுதியது:

அடுத்த பாடத்தில் மருந்துச் சோதனைக்கான "வழிகாட்டு நெறிமுறைகள்" வருமே, அப்போது என்ன செய்வீர்கள்?

குறுமுனி எழுதியது:

என் கலைச்சொல் தொகுப்பில் துப்பு என்றே இருக்கும், பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். அது போகட்டும், லீட்டுக்கு முந்தைய கட்டமான ஹிட்டுக்கு, அதாவது முதல் சோதனையில் பலன் காட்டும் சேர்மத்துக்கு, என்ன வைத்தீர்கள்?

நொச்சி எழுதியது:

ஹிட் வரும் பத்தியை எடுத்துவிட்டேன் ஐயா.